மானியப் பணத்தில் பேரிடர்ப் பயிற்சி: நாலு வழியில் உங்கள் ஊருக்கு எது?

நாகை, கடலூர் பக்கத்து ஊராட்சிகளில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒரு கம்பெனி தன் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணத்தில் கொஞ்சம் ஒதுக்கித் தருவதாகச் சொல்கிறது, 'பேரிடர்ப் பயிற்சிக்கு' என்று. தொண்டு நிறுவனங்கள் ஆளுக்கொரு திட்டத்தோடு வருகின்றன. ஒருவர் இளைஞர்கள் இருபது பேரை முகாமுக்கு அனுப்புவோம் என்கிறார். இன்னொருவர் ஊர் முழுக்க ஒத்திகை என்கிறார். மூன்றாமவர் வீட்டுக்கு ஒருவருக்கு முதலுதவி கற்றுத்தரச் சொல்கிறார். ஊராட்சித் தலைவருக்கோ ஜெனரேட்டர் வாங்க ஆசை, நாலு பேர் கண்ணுக்குத் தெரியுமே என்று. நாலுமே நல்ல காரியம்தான். ஆனால் இருப்பது ஒரு மானியம், நாலையும் அரைகுறையாகச் செய்தால் ஒன்றும் மிஞ்சாது.

எதை வைத்து எடை போடுவது என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

## அளவுகோல்கள்

ஆபத்து வரும் நேரத்தில் ஊரில் யார் இருப்பார்கள்? எனக்கு இதுதான் முதல் கேள்வி. கஜா புயல் 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டி, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. எல்லாரும் வீட்டில் இருந்த நேரம். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 வேறு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை காலை, ஆண்களில் பலர் கடலுக்குள், பெண்கள் கரையில் மீன் வேலையில். நாகை, கடலூர் மீனவ ஊர்கள் பலவற்றில் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். பயிற்சிக்குப் பெயர் கொடுப்பவர்களோ பெரும்பாலும் இருபது வயசுப் பையன்கள். அவர்களில் பாதிப் பேர் அடுத்த வருஷம் திருப்பூரிலோ துபாயிலோ இருப்பார்கள். மகளிர் குழுப் பெண்கள், அங்கன்வாடி ஆசிரியர், டேங்க் ஆபரேட்டர், கிராம உதவியாளர் இவர்கள்தான் ஊரோடு இருக்கிறவர்கள்.

வெளியாள் வந்து சேர எவ்வளவு நேரமாகும்? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 95 செ.மீ. மழை கொட்டியது. தாமிரபரணிக் கரையில் ஊர் ஊராகத் துண்டிக்கப்பட்டன. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன ரயிலில் இருந்த நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சமைத்துப் போட்டார்கள். உங்கள் ஊருக்கு இருப்பது ஒரே பாலம், அதுவும் வெள்ளத்தில் முழுகும் பாலம் என்றால் ஒரு நாளோ இரண்டு நாளோ நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். தீயணைப்பு நிலையம் நாலு கிலோமீட்டரில் இருக்கிற ஊரின் தேவை வேறு.

கற்றது எத்தனை மாதம் நிற்கும்? சிபிஆர் (நின்ற இதயத்தை இயக்க மார்பை அழுத்துவது) போன்ற கைத்திறன் மூன்று முதல் ஆறு மாதத்தில் மங்கத் தொடங்கிவிடுகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மறுபயிற்சிக்குப் பணம் இல்லாத திட்டம் முதல் வருஷத்தோடு முடிந்துபோகிற திட்டம்.

இதையே அரசு இலவசமாகத் தருகிறதா? பலர் கேட்கத் தவறும் கேள்வி. மழைக்காலத்துக்கு முன்னால் தீயணைப்பு நிலையக்காரர்களை அழைத்தால் ஊருக்கே வந்து செய்முறை காட்டுவார்கள். அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நாலாவது பட்டாலியனும் ஊர்களில் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துகிறது. சும்மா கிடைப்பதற்கு மானியத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று, சுருக்கமாக: பயிற்சி எல்லாத் தெருவுக்கும் போகிறதா? ஊர்த்தெருவில் பந்தல் போட்டு நடத்திவிட்டு, தாழ்வான இடத்தில் இருக்கும் ஆதிதிராவிடர் குடியிருப்பில் நோட்டீஸ் மட்டும் ஒட்டினால் அது ஊர்ப் பயிற்சி இல்லை. தண்ணீர் முதலில் ஏறுவது அங்கேதான்.

## வழி 1: சிலருக்கு ஆழமான பயிற்சி

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் 'ஆப்த மித்ரா' திட்டம்தான் இதற்கு மாதிரி. 2016இல் வெள்ள அபாயமுள்ள 30 மாவட்டங்களில், மாவட்டத்துக்கு 200 பேர் என்று தொடங்கியது. பிறகு 350 மாவட்டங்களில் ஒரு லட்சம் தன்னார்வலர்கள் என்று விரித்தார்கள். 18 முதல் 40 வயது வரை, 12 நாள் பயிற்சி, கடைசியில் மீட்புக் கருவிகள் அடங்கிய ஒரு பை. நீச்சல் மீட்பு, கயிறு வேலை, இடிபாடு, முதலுதவி எல்லாம் உண்டு.

பலம் தெளிவாகத் தெரிவது. வெள்ளத்தில் இறங்கி ஆளைத் தூக்குவது ஒரு நாள் வகுப்பில் வராது. நீச்சல் தெரிந்த மீனவர்களுக்குக்கூட, மூழ்குகிறவர் கட்டிப்பிடித்துக்கொள்ளாமல் எப்படி நெருங்குவது என்பது பழகித்தான் வரும்.

மறைச்செலவு என்ன? முதலில் கூலி. 12 நாள் வேலைக்குப் போகாத ஆளுக்கு யார் கொடுப்பது? 2025-26இல் நம் மாநிலத்தின் நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாயாக இருந்தது. அதைக் கணக்கு வைத்தாலே 20 பேருக்கு 80,640 ரூபாய். கடலுக்குப் போகிறவரின் வருமானம் அதைவிடக் கூடுதல். திட்ட அறிக்கையில் 'சாப்பாடு, தங்குமிடம்' என்று வரி இருக்கும், 'கூலி இழப்பு' என்று இருக்காது. அதனால்தான் வேலை இல்லாத பையன்கள் மட்டும் போகிறார்கள், வேலை கிடைத்ததும் ஊரைவிட்டும் போகிறார்கள். இரண்டாவது, குழந்தையை விட்டுவிட்டுப் பெண்கள் 12 நாள் வெளியே தங்க முடியாது. ஊருக்கே வந்து நடத்தச் சொன்னால் செலவு ஏறும். மூன்றாவது, தண்ணீரில் இறங்குகிறவருக்குக் காப்பீடு. மானியம் முடிந்ததும் பிரீமியம் யார் கட்டுவது?

ஆற்றங்கரை, கழிமுக ஊர்களுக்கு, அதாவது படகு, நீச்சல் இரண்டும் ஏற்கனவே உள்ள இடங்களுக்கு, இது பொருத்தம். அப்போதும் முதலில் கலெக்டர் அலுவலகத்தின் பேரிடர் பிரிவில் விசாரித்துவிடுங்கள். அரசு முகாமில் உங்கள் ஊருக்கு இடம் கிடைத்தால் மானியத்தைக் கூலி ஈட்டுக்கும் மறுபயிற்சிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

## வழி 2: ஊர் முழுக்கக் குழுக்களும் ஒத்திகையும்

எச்சரிக்கைக் குழு, வெளியேற்றக் குழு, முதலுதவிக் குழு, முகாம் மற்றும் சமையல் குழு என்று பிரித்து, ஊர் வரைபடம் போட்டு, யார் வீட்டில் படுத்த படுக்கையான பெரியவர், யார் வீட்டில் நிறைமாதம் என்று பட்டியல் எடுத்து, வருஷத்துக்கு ஒரு முறை நிஜமாகவே ஊரைக் கிளப்பிப் பார்ப்பது. பார்க்கப் பகட்டு இல்லாத வேலை. எனக்குப் பிடித்தது இதுதான் என்பதை மறைக்கவில்லை.

காரணம் கடலூர் மாவட்டத்துச் சாமியார்பேட்டை. ஐநா வளர்ச்சித் திட்டமும் இந்திய அரசும் சேர்ந்து நடத்திய பேரிடர்த் திட்டத்தில், சுனாமிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஊரில் இப்படிக் குழு பிரித்துப் பயிற்சி நடந்திருந்தது. புயலை நினைத்துத்தான் பழகினார்கள், வந்தது சுனாமி. ஆனாலும் யார் யாரைத் தூக்குவது, எந்தப் பக்கம் ஓடுவது என்பது பழகியதே கைகொடுத்தது. புதுச்சேரியின் நல்லவாட்டில் நடந்தது இன்னும் எளிமை. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குப் போன் அடித்தார். மீன்பிடித் தகவல் சொல்வதற்காக எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஊர் மேட்டுக்கு ஓடியது, உயிர்ச்சேதம் இல்லை. படகுகள்தான் போயின. தினமும் ஒலித்துக்கொண்டிருந்த ஒலிபெருக்கி என்பதால்தான் அது அன்றைக்கும் வேலை செய்தது, மக்களும் நம்பினார்கள்.

ஒடிசாவும் இந்த வழியில் போன மாநிலம்தான். 1999 பெரும்புயலில் சுமார் பத்தாயிரம் பேரை இழந்த இடத்தில், 2013 பைலின் புயலுக்குக் கிட்டத்தட்ட பத்து லட்சம் பேரை முன்கூட்டியே நகர்த்தினார்கள். பலி சில பத்துகளில் நின்றது. 2020இல் அங்கே வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு ஊர்களுக்கு யுனெஸ்கோவின் கடலியல் ஆணையம் 'சுனாமிக்குத் தயாரான ஊர்' என்ற அங்கீகாரம் தந்தது. அதற்கான நிபந்தனைகளில் அபாய வரைபடம், வெளியேறும் வழிப் பலகை, ஒத்திகை எல்லாம் வரும். அந்தப் பட்டியலையே உங்கள் திட்டத்துக்குச் சட்டகமாக எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

மறைச்செலவு பொருளுக்கு இல்லை, ஆளுக்கு. ஒருங்கிணைக்க ஓர் ஆள் வேண்டும், சம்பளத்தோடு. சம்பளம் நின்றதும் குழுவும் நிற்கும் ஆபத்து உண்டு. அதனால் புதிதாகக் குழு கட்டாமல் இருக்கிற அமைப்பின் மேல் கட்டுவது நல்லது. மீனவ ஊரில் பாரம்பரிய ஊர் அமைப்பான நாட்டார் பஞ்சாயத்து, உள்நாட்டில் மகளிர் குழுக் கூட்டமைப்பு. நாட்டார் பஞ்சாயத்தில் பெண்களுக்கு இடமில்லாத ஊர்களில் எச்சரிக்கைக் குழுவையாவது பெண்கள் கையில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒத்திகை பகலில், பள்ளி மைதானத்தில், பூங்கொத்தோடு நடந்தால் அது விழா. இரவு எட்டு மணிக்கு, கரண்ட் நிறுத்திவிட்டு நடத்திப் பாருங்கள். எந்தத் தெருவுக்குச் சத்தம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டபோது தென்பெண்ணைக் கரை ஊர்களுக்கு இருந்த அவகாசம் சில மணி நேரம்தான். அப்படிப்பட்ட ஊருக்கு வேறு எந்தப் பயிற்சியும் இதற்கு முன்னால் வராது.

## வழி 3: வீட்டுக்கு ஒருவருக்கு முதலுதவி

பெரும் பேரிடர் பத்து வருஷத்துக்கு ஒரு முறை வரலாம். பாம்புக்கடி, நீரில் மூழ்குவது, மின்சாரம் தாக்குவது, வண்டி விபத்து இவை வருஷா வருஷம் வரும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது, வருஷத்துக்குச் சராசரியாக 58,000. பெரும்பாலும் கிராமங்களில். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. இங்கே கற்றுத்தர வேண்டியது அதிகமில்லை: இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போ. எந்த ஆஸ்பத்திரியில் மருந்து இருக்கிறது என்பதை முன்கூட்டியே கேட்டுச் சுவரில் எழுதி வைப்பதே பாதிப் பயிற்சி.

சிபிஆர் அப்படி இல்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு அழுத்த வேண்டும், இதைப் பொம்மையில் அழுத்திப் பார்க்காமல் கற்க முடியாது. மண்டபத்தில் நூறு பேரை உட்காரவைத்து மேடையில் ஒரே பொம்மையைக் காட்டினால் அது சொற்பொழிவு. எத்தனை பேருக்கு ஒரு பொம்மை, ஒவ்வொருவருக்கும் எத்தனை நிமிஷம் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் அந்தத் திட்டத்தை ஒதுக்கிவிடலாம். குளமும் கால்வாயும் உள்ள ஊரில் வாய்வழி மூச்சுக் கொடுப்பதையும் சேர்த்துக் கற்றுத்தரச் சொல்லுங்கள். நீரில் மூழ்கியவருக்கு முதலில் தேவைப்படுவது மூச்சு.

மறைச்செலவு மறுபயிற்சிதான். பொம்மையை வாங்கி அரசுப் பள்ளியிலோ துணை சுகாதார நிலையத்திலோ வைத்துவிட்டால் கிராம சுகாதாரச் செவிலியரோ, பயிற்சி பெற்ற ஆசிரியரோ ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் பழக்கலாம். பயிற்சி நிறுவனமே ஒவ்வொரு தடவையும் பொம்மையோடு வந்து போனால் அந்தச் செலவு முடியவே முடியாது.

108 வந்து சேர நேரமாகும் உள்ளடங்கிய ஊர்களுக்கும் மலையூர்களுக்கும், புயல் பாதையில் இல்லாத மேற்கு மாவட்டங்களுக்கும் இது முதல் தேர்வாக இருக்கலாம்.

## வழி 4: கருவியும் அதை ஓட்டக் கற்பதும்

கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. சில ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தென்னையும் புளியும் ரோட்டில் கிடந்ததால் உதவி வண்டி உள்ளே வர முடியவில்லை. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டருக்கு ஊராட்சிகள் அலைந்தன. ஆகவே கருவி வேண்டும் என்று சொல்கிறவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் மானியத்தில் வாங்கும் கருவிக்கு மூன்று பிரச்சினை. ஒன்று, பராமரிப்பு. மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்த ஜெனரேட்டர் தேவைப்படும் நாளில் ஸ்டார்ட் ஆகாது: பேட்டரி இறங்கியிருக்கும், பழைய பெட்ரோல் கார்பரேட்டரை அடைத்திருக்கும். இரண்டு, ஆபத்து. சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (வெளி மின்கம்பியைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச்) இல்லாமல் ஜெனரேட்டரைக் கட்டட வயரிங்கில் கொடுத்தால் மின்சாரம் கம்பிக்குத் திரும்பிப் போய்க் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனைக் கொல்லும். மூடிய அறைக்குள் ஓட்டினால் புகையே ஆளைக் கொல்லும். மரம் அறுக்கும் மிஷினோ, பழகாதவர் கையில் காலைப் பதம் பார்த்துவிடும். மூன்று, சொத்து யாருடையது? சிஎஸ்ஆர் விதிப்படி, அந்தப் பணத்தில் உருவாகும் சொத்தைக் கம்பெனி தன் பெயரில் வைத்துக்கொள்ள முடியாது. ஊராட்சி இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவது நல்லது. இல்லையென்றால் அடுத்த தேர்தலுக்கு அப்புறம் மிஷின் யார் வீட்டுத் தாழ்வாரத்தில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

கருவி என்றால் என் வரிசை இது: முதலில் பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கியும் கைமெகாபோனும். அப்புறம் மரம் அறுக்கும் மிஷின், கால் கவசத்தோடு. கடைசியில்தான் ஜெனரேட்டர், அதுவும் தண்ணீர்த் தொட்டி மோட்டாரை இழுக்கும் அளவுக்கு, டேங்க் ஆபரேட்டரின் பொறுப்பில். ரப்பர் படகு உள்நாட்டு ஊருக்கு வேண்டாம், எலி கடித்துவிடும்.

## ஒரே பார்வையில்

| | சிலருக்கு ஆழமாக | குழு, ஒத்திகை | முதலுதவி | கருவி |
|---|---|---|---|---|
| ஊரில் தங்குமா? | ஆள் போனால் போயிற்று | பெண்கள் கையில் இருந்தால் தங்கும் | ஓரளவு | பராமரித்தால் |
| மறைச்செலவு | கூலி, காப்பீடு | ஒருங்கிணைப்பாளர் | மறுபயிற்சி | எரிபொருள், சர்வீஸ் |
| அரசிடம் இலவசமாக? | முகாமில் இடம் கிடைத்தால் | பகுதி | செய்முறை விளக்கம் மட்டும் | அரிது |
| சாதாரண நாளிலும் பயன்? | குறைவு | குறைவு | அதிகம் | ஓரளவு |
| சிறந்த இடம் | கழிமுகம், ஆற்றங்கரை | கடலோரம், அணைக்குக் கீழ் | மலை, மேற்கு மாவட்டம் | துண்டிக்கப்படும் ஊர் |

## பணம் எந்த மாதம் வருகிறது?

இதை யாரும் அளவுகோலாகச் சொல்வதில்லை, ஆனால் முடிவை மாற்றக்கூடியது. கம்பெனிகளின் கணக்கு வருஷம் மார்ச் 31இல் முடிகிறது. செலவழிக்காத சிஎஸ்ஆர் பணத்தைத் தீர்க்கப் பிப்ரவரியில் அவசரம் பிறக்கும். பயிற்சி மார்ச் வெயிலில் நடக்கும், படம் எடுப்பார்கள், சான்றிதழ் கொடுப்பார்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வரும்போது ஏழு மாதம் ஓடியிருக்கும். முதலுதவிக்கும் மீட்புப் பயிற்சிக்கும் இது பெரிய அடி.

இதற்கு வழி இருக்கிறது. கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, பல வருஷம் நீளும் 'நடப்புத் திட்டம்' என்று கம்பெனி அனுமதித்தால் மீதிப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு அடுத்த மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்க இடம் தருகிறது. கம்பெனிக்காரர் முதலில் தயங்குவார். ஆனாலும் கேளுங்கள். முதல் வருஷம் பயிற்சி, அடுத்த இரண்டு வருஷமும் செப்டம்பரில் மறுபயிற்சி என்று பிரித்தால் அதே தொகை மூன்று மடங்கு வேலை செய்யும். கம்பெனி மசியவில்லை, மார்ச்சிலேயே முடித்தாக வேண்டும் என்றால் வழி 1, வழி 3 இரண்டையும் தவிர்த்துவிட்டு வரைபடம், பட்டியல், வழிகாட்டிப் பலகை, ஒலிபெருக்கி ஆகியவற்றில் போடுங்கள். அவை ஏழு மாதத்தில் மறந்துபோகாது.

இன்னொன்று. ஊர்ச் சங்கமோ மகளிர் குழுவோ இந்தப் பணத்தை நேரடியாக வாங்குவது கடினம். பதிவு பெற்ற அறக்கட்டளை அல்லது சங்கம், வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள், சிஎஸ்ஆர் பணம் வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு எல்லாம் வேண்டும். எனவே நடுவில் ஒரு தொண்டு நிறுவனம் இருக்கும். அவர்களைச் சந்தேகப்படச் சொல்லவில்லை, வரவு செலவுத் திட்டத்தின் நகல் ஒன்று கிராம சபையில் படிக்கப்பட வேண்டும் என்று மட்டும் சொல்லிவையுங்கள்.

## சரி, எதை எடுப்பது?

டெல்டா கடலோர ஊராக இருந்தால் வழி 2ஐ அடித்தளமாக எடுங்கள், அதற்குள் முதலுதவிக் குழுவுக்கு மட்டும் வழி 3இன் பொம்மைப் பயிற்சி. பணம் மிஞ்சினால் மரம் அறுக்கும் மிஷின். நீச்சல் மீட்புக்கு அரசு முகாமில் இடம் கேளுங்கள்.

ஆற்றங்கரை ஊரில் பையன்கள் ஊரிலேயே விவசாயமோ மீன்பிடியோ செய்கிறார்கள் என்றால் வழி 1 வீணாகாது. கூலி ஈடு இல்லாமல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

புயலும் வெள்ளமும் எட்டாத ஊரில் வழி 3 போதும். ஆயிரம் பேரை ஓடவைக்கும் ஒத்திகை அங்கே வேடிக்கையாக முடியும்.

எதை எடுத்தாலும் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் நாலு வரி இருக்கட்டும்: பயிற்சி பெறுபவர்களில் பாதியாவது பெண்கள், எல்லாக் குடியிருப்பிலிருந்தும் ஆட்கள், மொத்தத் தொகையில் கால் பங்கு மறுபயிற்சிக்கு என்று தனியாக, கடைசித் தவணை சான்றிதழ் கொடுத்த நாளில் இல்லாமல் இரவில் நடக்கும் முதல் ஒத்திகை முடிந்த பிறகு. பயிற்சி பெற்றவர்களின் பெயர், கைப்பேசி எண் பட்டியலை விஏஓவிடமும் 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறையிலும் கொடுத்துவிடுங்கள். பருவமழைக்கு முன் நிர்வாகம், ஆபத்தில் முதலில் உதவப் போகும் முதல்நிலைப் பொறுப்பாளர்களின் பட்டியலைப் புதுப்பிக்கும்போது உங்கள் ஆட்களும் அதில் சேர வாய்ப்பு உண்டு. அந்தப் பட்டியலை வருஷா வருஷம் ஆகஸ்ட் 15 கிராம சபையில் சத்தமாகப் படித்து, ஊரைவிட்டுப் போனவர்களின் பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்துக்குச் செப்டம்பர் மறுபயிற்சியில் புது ஆளைச் சேருங்கள்.